கிரீடம் உண்டு, ராஜா இல்லை: போர்ச்சுகல் ஒயின் ஊர் ஒன்றின் கொடியை எப்படிப் படிப்பது?

போர்ச்சுகலுக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் பகிரும் படங்களில் ஒரு கொடி அடிக்கடி தட்டுப்படும். நான்கு கட்டமாக இரண்டு நிறம், நடுவில் ஒரு கேடயம், கேடயத்தின் தலையில் கோட்டை போல ஒரு கிரீடம், கீழே ஊர்ப் பெயர் எழுதிய வெள்ளைப் பட்டை. கேடயத்துக்குள் ஒரு திராட்சைக் குலையும் இருந்துவிட்டால் போதும், விளக்கங்கள் கிளம்பிவிடும். "அரச குடும்பம் இந்த ஊருக்குக் கொடுத்த சின்னம்", "பல நூற்றாண்டுப் பழமை", "நான்கு நிறக் கட்டம் என்றால் ஊரின் நான்கு பகுதிகள்", "பொன் நிறத் திராட்சை என்பதால் இது வெள்ளை ஒயின் ஊர்". கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை தவறு.

இந்தச் சின்னங்களைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். கேடயத்துக்கு வெளியே இருப்பதை எல்லாம் சட்டம் முடிவு செய்கிறது. கேடயத்துக்கு உள்ளே இருப்பதில்தான் ஊர் தன்னைப் பற்றிப் பேசுகிறது. இரண்டையும் கலந்து படிப்பதால்தான் குழப்பம் வருகிறது.

## படம் முதலில் வந்ததா, வாசகமா?

கேடயச் சின்னம் என்றதும் யாரோ ஓர் ஓவியர் வரைந்த படம் என்றுதான் நினைக்கிறோம். சட்டத்தின் பார்வையில் படம் இரண்டாம் பட்சம். ஊருக்குச் சொந்தமானது ஒரு வாசகம். தளம் என்ன நிறம், அதன் மேல் என்ன உரு, எத்தனை, எந்த இடத்தில், என்ன நிறத்தில் என்று சொல்லும் நாலைந்து வரி. இதை விவரணை என்று அழைப்போம்.

கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "இடுக்குப் புள்ளி, 13-லிருந்து 7, நடுவில் தாமரை, சுற்றிலும் கிளி" என்று ஒருவர் போனில் சொன்னால், கேட்டவர் தன் வாசலில் போட்டுவிடுவார். இவர் கிளிக்கு மூக்கு கொஞ்சம் நீளமாக இருக்கும், அவர் தாமரைக்கு இதழ் கொஞ்சம் தடியாக இருக்கும். கோலம் ஒன்றுதான். விவரணையும் அப்படித்தான். ஊராட்சி மன்றக் கட்டடத்தில் செதுக்கிய திராட்சைக் குலைக்குப் பதினைந்து மணி இருக்கலாம், கொடியில் தைத்த குலைக்கு இருபது இருக்கலாம். விவரணை எண்ணிக்கை சொல்லாதவரை இரண்டும் ஒரே சின்னம். ஆனால் ஊதா என்று சொல்லியிருக்கும் குலையைச் சிவப்பில் தீட்டினால் அது வேறு சின்னம்.

இன்னும் இரண்டு சொற்கள். கேடயத்தின் பின்னணியைத் தளம் என்பார்கள். அதன் மேல் வைக்கும் பொருள் எதுவானாலும், கோட்டை, மீன், மரம், மனிதர், திராட்சை, எல்லாமே உரு. வலது இடது மட்டும் கொஞ்சம் தலைகீழ்: கேடயத்தைக் கையில் பிடித்துப் பின்னால் நிற்பவரின் வலதுதான் வலது. நாம் எதிரே நின்று பார்க்கிறோம், ஆகவே நமக்கு அது இடப்பக்கம்.

## கோபுரங்களை எண்ணுங்கள்

போர்ச்சுகல் 1910 அக்டோபர் 5 முதல் குடியரசு. புதிய தேசியக் கொடியிலிருந்து அரச கிரீடத்தை எடுத்துவிட்டார்கள். நாட்டின் கொடியில் இல்லாத கிரீடம் ஒவ்வொரு சின்ன ஊரின் கொடியிலும் எப்படி வந்தது?

அது ராஜாவின் கிரீடம் இல்லை. மதில் கிரீடம் என்று பெயர். செங்கல் செங்கலாக அடுக்கிய கோட்டைச் சுவர், அதன் மேல் கோபுரங்கள், அதையே வட்டமாக வளைத்துத் தலையில் வைத்தது போல இருக்கும். இதன் பூர்வீகம் ரோம். எதிரியின் மதில் மேல் முதலில் ஏறிய வீரனுக்கு ரோமானியர்கள் மதில் வடிவில் ஒரு பொற்கிரீடம் கொடுப்பார்கள். நகரங்களைக் காக்கும் தேவதைகளின் சிலைகளுக்கும் அதே வடிவில் மணிமுடி சூட்டுவது பழைய வழக்கம். பிற்கால ஐரோப்பாவில் அது நகரங்களின் அடையாளமாகவே நிலைத்துவிட்டது.

போர்ச்சுகலில் இந்தக் கிரீடம் வெறும் அலங்காரம் இல்லை, ஊரின் அந்தஸ்தைச் சொல்லும் முத்திரை. எதிரே நின்று பார்க்கும்போது கண்ணில் படும் கோபுரங்களை எண்ண வேண்டும். சாதாரணக் கிராமத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிறிய உள்ளாட்சிக்கு வெள்ளியில் மூன்று கோபுரம். 'விலா' என்ற நிலையில் இருக்கும் பேரூருக்கு வெள்ளியில் நான்கு. 'சிடாடே' என்ற நகரத்துக்கு வெள்ளியில் ஐந்து. பொன்னில் ஐந்து கோபுரம் தலைநகர் லிஸ்பனுக்கு.

பேரூர், நகரம் என்ற பட்டங்களை நாடாளுமன்றம் தருகிறது. 1982-இல் வந்த சட்டம் ஒன்று, தொடர்ச்சியான குடியிருப்பில் பேரூருக்கு 3,000 வாக்காளர்களுக்கு மேல், நகரத்துக்கு 8,000-க்கு மேல் இருக்க வேண்டும் என்று அளவு வைத்தது. மருந்துக்கடை, பள்ளி, பேருந்து வசதி மாதிரியான நிபந்தனைகளும் அதில் இருந்தன. வரலாற்றுக் காரணம் இருந்தால் விதிவிலக்கும் இருந்தது. டோரோ ஆற்றங்கரையில், போர்ட் ஒயின் வணிகத்தின் மையமாக இருந்த பெசோ ட ரேகுவா 1985-இல் நகரமானது. அலென்டேஜு ஒயின் பகுதியில் உள்ள ரெகெங்கோஸ் டி மொன்சராஸ் 2004-இல் நகரமானது. இப்படிப் பட்டம் மாறும்போது கிரீடத்தில் ஒரு கோபுரம் கூடும். திராட்சைத் தோட்டம் ஓர் அடி கூட நகர்ந்திருக்காது.

இதை வைத்து ஊரின் அளவைக் கணித்துவிடலாம் என்று நினைத்தால் சிந்த்ரா காலை வாரிவிடும். லிஸ்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த நகராட்சியில் 3,80,000 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். மக்கள்தொகையில் நாட்டிலேயே இரண்டாவது. ஆனால் தலைமையிடமான சிந்த்ரா இன்றும் பேரூர்தான், ஆகவே நான்கு கோபுரம்தான். வேடிக்கை என்னவென்றால் அதே நகராட்சிக்குள் இருக்கும் கெலூஸும் அகுவல்வா-கசெமும் நகரப் பட்டம் பெற்றவை. தலைமை பேரூராக இருக்க, அதற்கு அடங்கியவை நகரங்களாக இருக்கின்றன. சிந்த்ராவாசிகள் பழைய பட்டத்தை விட்டுக்கொடுக்க விரும்பாததைப் பெருமை என்று எடுத்துக்கொள்வதா, பிடிவாதம் என்பதா என்று தெரியவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது.

சிந்த்ராவின் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் இங்கே வர வேண்டும். போர்ச்சுகலில் ஊர் என்றால் இரண்டு அடுக்கு. மேலே நகராட்சி. நாடு முழுவதும் 308 உண்டு. ஓர் ஊரும் அதைச் சுற்றிய கிராமங்களும் மலைகளும் தோட்டங்களும் சேர்ந்ததுதான் நகராட்சி. அதற்குள் 'ஃப்ரெகெசியா' என்ற சிறிய அலகுகள். பழைய தேவாலயப் பங்குகளிலிருந்து வளர்ந்தவை இவை. இரண்டு அடுக்குக்கும் தனித்தனிக் கொடி, தனித்தனிச் சின்னம். கடலோர மணலில் கொடி வளர்த்து ஒயின் எடுப்பதற்குப் பெயர்போன கொலாரெஸ், சிந்த்ரா நகராட்சிக்குள் இருக்கும் ஒரு ஃப்ரெகெசியா. "கொலாரெஸின் கொடி" என்று தேடிப்போய் சிந்த்ராவின் கொடியை எடுத்து வந்தால் தவறாகிவிடும்.

## கொடியின் வெட்டு

கொடிக்கும் இதே தர்க்கம்தான். நகரத்தின் கொடி எட்டுக் கூறாக வெட்டுப்படும். நடுப்புள்ளியிலிருந்து மேலும் கீழும், இடமும் வலமும், நான்கு மூலைக்கும் கோடு போட்டால் எட்டு முக்கோணத் துண்டுகள் கிடைக்கும். இரண்டு நிறம் மாறி மாறி வரும். லிஸ்பனின் கொடி கறுப்பும் வெள்ளையுமாக எட்டுத் துண்டு. பேரூரின் கொடி நான்கு கட்டமாக இருக்கும், அல்லது ஒரே நிறமாக இருக்கும். ஆக அந்த நான்கு கட்டத்துக்கும் ஊரின் பகுதிகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. "நாங்கள் பேரூர்" என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லவில்லை.

நிறங்கள் மட்டும் கேடயத்திலிருந்து வருகின்றன. உள்ளே முக்கியமான தளமும் உருவும் என்ன நிறமோ அதிலிருந்து இரண்டைக் கொடிக்கு எடுப்பார்கள். பொன், கொடியில் மஞ்சளாகும். வெள்ளி, வெள்ளையாகும்.

கொடிக்கம்பத்தில் ஏற்றும் கொடி அகலம் இரண்டு பங்கு, நீளம் மூன்று பங்கு. ஊர்வலத்திலும் விழாவிலும் கையில் தூக்கிப் போவது வேறு: ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம், தையல் வேலைப்பாடு, பொன் நிற ஈட்டிமுனை வைத்த கம்பு, இரண்டு நிறம் முறுக்கிய கயிறு, நுனியில் குஞ்சம். கயிறு என்ன நிறம் என்பது கூட விவரணையிலேயே எழுதப்பட்டிருக்கும்.

இதுவரை பார்த்தது: கிரீடத்தின் கோபுரங்களும் கொடியின் வெட்டும் ஊரின் சட்ட அந்தஸ்தைச் சொல்கின்றன. ஒயின், வரலாறு, சாமி, சண்டை எதுவும் அங்கே இல்லை. கொடியின் நிறம்தான் உள்ளேயிருந்து வெளியே வருகிறது.

## பழையதா, புதியதா?

ஊர்கள் சின்னம் வைத்துக்கொள்வது இடைக்கால வழக்கம்தான். பத்திரங்களுக்கு மெழுகு முத்திரை தேவைப்பட்டது, அதில் ஒரு கோட்டையோ துறவியோ மரமோ இருந்தது. ஆனால் இன்று நாம் பார்க்கும் அந்தச் சீரான வடிவம், அடி வளைந்த கேடயம், கணக்குப் பார்த்து வைத்த கோபுரம், பெயர்ப்பட்டை, இந்தத் தொகுப்பு இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு.

அதற்கு முன்பு அவரவர் விருப்பம்தான். ஓர் ஊர் அரசாங்கச் சின்னத்தையே போட்டுக்கொள்ளும், இன்னோர் ஊர் பிரபு குடும்பத்தின் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொள்ளும், மூன்றாவது ஊரிடம் எதுவுமே இருக்காது. 1926-இல் ராணுவப் புரட்சி நடந்து சர்வாதிகாரம் வந்தது. அந்த ஆட்சியின் உள்நாட்டு நிர்வாகத் துறை 1930 ஏப்ரல் 14 அன்று ஒரு சுற்றறிக்கை அனுப்பி, நகராட்சிகள் தங்கள் சின்னத்தை ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும் என்றது. விதிகளுக்குப் பின்னால் இருந்தவர், சின்னவியலில், அதாவது கேடயச் சின்னங்களைப் பற்றிய படிப்பில், அறிஞரான அஃபோன்சோ டி டோர்னெலாஸ். அவர் சார்ந்திருந்த அமைப்பு, 1863-இல் தொடங்கிய போர்ச்சுகீசியத் தொல்லியலாளர் சங்கம். லிஸ்பனில் 1755 நிலநடுக்கத்தில் கூரை இழந்த கார்மோ மடாலயத்தின் இடிபாடுகளில்தான் இன்றும் அதன் இருப்பிடம்.

1991 ஆகஸ்ட் 7-இல் வந்த 53-ஆம் எண் சட்டம் இன்றைய அடிப்படை. அதன் பிறகு நூற்றுக்கணக்கான ஃப்ரெகெசியாக்கள் தமக்கென்று சின்னம் செய்துகொண்டன. நடைமுறை இப்படி: ஊர் ஒரு வடிவத்தை முன்வைக்கும், சங்கத்தின் சின்னவியல் குழு விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துக் கருத்து எழுதும், ஊரின் மன்றம் ஏற்கும், அரசிதழில் விவரணை வெளியாகும், பிறகு பதிவு.

இதனால் ஒழுங்கு வந்தது. கொஞ்சம் சலிப்பும் வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா ஊர்க் கொடியும் ஒரே கடையில் தைத்தது போலத் தெரியும். ஒரே நிறச் சேர்க்கை வைத்த ஊர்களைக் கிட்டே போய்க் கேடயத்தைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும். கிட்டே போவோம்.

## ஒரு குலையை வைத்துப் பார்ப்போம்

எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு பயிற்சிக் கேடயம். ஆற்றங்கரை, மலைச்சரிவு, திராட்சை, பேரூர் அந்தஸ்து. விவரணை இப்படி இருக்கும்:

"தளம் பொன். நடுவில் ஊதாத் திராட்சைக் குலை ஒன்று, பச்சைக் காம்பும் பச்சை இலைகளும் கொண்டது. அடியில் நீலம், வெள்ளி, நீலம் என மூன்று அலைப்பட்டைகள். நான்கு கோபுரம் கொண்ட வெள்ளி மதில் கிரீடம். வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப் பெயர். கொடி: மஞ்சளும் ஊதாவுமாக நான்கு கட்டம். கயிறும் குஞ்சமும் பொன்னும் ஊதாவும். கம்பும் ஈட்டிமுனையும் பொன்."

இதில் ஒவ்வொரு நிறத்துக்கும் காரணம் உண்டு. சின்னவியலில் நிறங்கள் இரண்டு கூட்டம். பொன்னும் வெள்ளியும் உலோகம். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு, ஊதா ஆகியவை வண்ணம். அடிப்படை விதி: உலோகத்தின் மேல் உலோகம் வைக்காதே, வண்ணத்தின் மேல் வண்ணம் வைக்காதே. காரணம் அழகியல் இல்லை, கண். போர்க்களத்தில் தூசிக்கு நடுவே நூறடி தள்ளி வருபவன் நம்மாளா எதிராளியா என்று தெரிய வேண்டும். மஞ்சளின் மேல் வெள்ளையும், பச்சையின் மேல் ஊதாவும் தூரத்தில் கரைந்துவிடும். வெளிர் மேல் அடர், அடர் மேல் வெளிர் என்றால்தான் உரு எழும்பி நிற்கும்.

பயிற்சிக் கேடயத்தில் ஊதாக் குலையும் பச்சை இலையும் பொன் மேல் உட்கார்ந்திருக்கின்றன, சரி. அலைப்பட்டையில் மேலே நீலத்தை வைத்ததும் இதனால்தான். வெள்ளியை மேலே வைத்திருந்தால் பொன்னை வெள்ளி ஒட்டிக்கொண்டு நிற்கும், ஆற்றின் கரை எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியாது. நீலமும் வெள்ளியுமான அலைப்பட்டை போர்ச்சுகல் ஊர்ச் சின்னங்களில் ஆறு அல்லது கடலுக்கான வழக்கமான குறி.

இப்போது ஊர்க்காரர் ஒருவர் எழுந்து, "நம்ம மலை பச்சை, தளத்தையும் பச்சையாக்கு" என்கிறார் என்று வையுங்கள். தளம் பச்சையானால் ஊதாக் குலை செல்லாது. குலையைப் பொன்னாக்க வேண்டும், அல்லது வெள்ளியாக்க வேண்டும். ஆக, பச்சைத் தளத்தில் பொன் குலையைப் பார்த்தால் "இது வெள்ளைத் திராட்சை விளையும் ஊர்" என்று முடிவு கட்ட முடியாது. அங்கே விளைவது முழுக்கக் கறுந்திராட்சையாகவே இருக்கலாம். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது தோட்டமில்லை, தளம்.

திராட்சை இருந்தாலே ஒயின் வணிகம் என்றும் சொல்ல முடியாது. கோதுமைக் கதிரும் திராட்சையும் சேர்ந்து வந்தால் அது கத்தோலிக்க நற்கருணையின் அப்பமும் ரசமுமாக இருக்கலாம். ஒலிவக் கிளையும் கூட வந்தால் பொதுவாக விவசாயம் என்ற அர்த்தத்தில் வைத்திருக்கலாம். எது என்று சொல்ல விவரணை போதாது. குழு எழுதிய கருத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: உள்ளே எந்த உரு என்பதை ஊர் தேர்ந்தெடுக்கிறது. அது என்ன நிறத்தில் வரும் என்பதைப் பாதி அளவுக்கு உலோகம்-வண்ண விதி தேர்ந்தெடுக்கிறது.

## திராட்சை இல்லாத ஒயின் ஊர்

சரி, ஒயினால் பிழைக்கும் ஊர் திராட்சையைத்தானே போட்டுக்கொள்ளும்? மொன்சாவ் அப்படிச் செய்யவில்லை.

போர்ச்சுகலின் வடக்கு எல்லையில் மின்யோ ஆறு ஓடுகிறது. இக்கரையில் மொன்சாவ், அக்கரையில் ஸ்பெயினின் சல்வதியெர்ரா. 1908-இல் எல்லை வகுக்கப்பட்ட வின்யு வெர்டே ஒயின் பகுதியின் வடகோடி இது. அல்வரின்யோ என்ற வெள்ளைத் திராட்சைக்கு நாட்டில் முதலில் சொல்லப்படும் பெயர்கள் மொன்சாவும் பக்கத்து மெல்காசும்தான். ஊரின் கூட்டுறவு ஒயின் ஆலை 1958 முதல் இயங்குகிறது. ஒயின் ஊர் என்று சொல்ல இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

ஆனால் ஊரின் கேடயத்தில் இருப்பது ஒரு கோபுரம். கோபுர உச்சியில் இடுப்புக்கு மேல் தெரியும் ஒரு பெண். அவள் இரண்டு கையிலும் கைக்கொரு ரொட்டி. சுற்றிலும் "கடவுள் அவளைக் கொடுத்தார், கடவுளே இதையும் கொடுத்திருக்கிறார்" என்ற பொருளில் ஒரு வாசகம்.

அந்தப் பெண் தெவு-லா-தெவு மார்ட்டின்ஸ். போர்ச்சுகல் அரசர் முதலாம் ஃபெர்னாண்டோவுக்கும், இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்டில் நாட்டின் அரசர் இரண்டாம் என்ரிக்கேவுக்கும் 1369-இல் போர் மூண்டது. காஸ்டில் படை மொன்சாவை முற்றுகையிட்டது. ஊர்க் காவல் தலைவரான அவளுடைய கணவர் அப்போது ஊரில் இல்லை. நாள் போகப் போக உள்ளே தானியம் தீர்ந்தது. மதிலை உடைக்க முடியாத படை, பசி உடைக்கட்டும் என்று காத்திருந்தது. அப்போது அவள் கடைசியாக மிஞ்சிய மாவைக் கூட்டி ரொட்டி சுடச் சொன்னாள். மதில் மேல் ஏறி நின்று அதை எதிரிகள் பக்கம் வீசினாள். உங்களுக்குப் பசிக்கிறது போலிருக்கிறது, எங்களிடம் நிறைய இருக்கிறது, இன்னும் வேண்டுமானாலும் கேளுங்கள் என்று குரல் கொடுத்தாள். உள்ளே இவ்வளவு கையிருப்பு இருக்கிறதென்றால் காத்திருந்து பயனில்லை என்று படை கிளம்பிப் போனது.

இது ஊர் வழிவழியாகச் சொல்லி வரும் கதை. ஒவ்வொரு வரியும் ஆவணத்தில் இருக்கிறதா என்று கேட்டால் வரலாற்றாசிரியர்கள் தொண்டையைக் கனைப்பார்கள். சின்னவியலுக்கு அது பிரச்சினையே இல்லை. ஊர் தன்னைப் பற்றி எதை நம்புகிறது, எதை முன்னால் நிறுத்த விரும்புகிறது என்பதுதான் கேடயத்துக்குள் இடம் பிடிக்கும். லிஸ்பனின் கேடயத்திலும் அதே கதைதான்: கப்பல், அதில் இரண்டு காகங்கள். புனித வின்சென்ட்டின் உடல் 1173-இல் கடல் வழியாக வந்தபோது காகங்கள் காவலாகக் கூடவே வந்தன என்ற ஐதீகம் அது. லிஸ்பனின் துறைமுகம், வணிகம், கடலோடிகள் எல்லாம் அதற்குப் பின்னால் வந்த பெருமைகள்.

மொன்சாவின் சின்னத்தை இப்போது முழுக்கப் படித்துப் பாருங்கள். நான்கு கோபுரக் கிரீடம்: பேரூர். இது சட்டம் சொன்னது. கோபுரம், பெண், ரொட்டி: இது மொன்சாவ் சொன்னது. கிரீடத்தில் இருக்கும் கோபுரங்களும் கேடயத்துக்குள் இருக்கும் கோபுரமும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் மேலே இருப்பவை நான்கு கோபுரம் பெறும் எந்தப் பேரூருக்கும் பொது, உள்ளே இருப்பது இந்த ஊர் தாங்கி நின்ற ஒரு முற்றுகை.

அல்வரின்யோ கேடயத்துக்குள் நுழையவில்லை என்பதற்காகக் கதை முடிந்துவிடவில்லை. கேடயத்திலிருந்து பெயர் பாட்டிலுக்குப் போயிருக்கிறது. கூட்டுறவு ஆலையின் பெயர்பெற்ற அல்வரின்யோ ஒயினின் பெயர் தெவு-லா-தெவு. முற்றுகையில் ரொட்டி வீசிய பெண் இன்று வெள்ளை ஒயின் விற்கிறாள்.

## நிறங்களுக்கு அர்த்தம் உண்டா?

"பச்சை என்றால் நம்பிக்கை, சிவப்பு என்றால் ரத்தம்" என்ற பட்டியல்கள் எங்கும் கிடைக்கும். சின்னவியல் தெரிந்தவர்கள் பொதுவாக இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். நிறத்துக்கு நிலையான அர்த்தம் எதுவும் இல்லை, கண்ணுக்குத் தெரிவதுதான் முக்கியம் என்பார்கள்.

போர்ச்சுகலில் இதற்குப் பாதி விதிவிலக்கு உண்டு. டோர்னெலாஸ் காலத்துக் கருத்துரைகளில் நிறங்களுக்கு அர்த்தம் எழுதும் வழக்கம் இருந்தது. பொன் உறுதிக்கும் விசுவாசத்துக்கும், கறுப்பு மண்ணுக்கும் நேர்மைக்கும், பச்சை நம்பிக்கைக்கும் என்பது மாதிரி. ஆகவே ஒரு குறிப்பிட்ட ஊருக்கு "இந்த நிறத்துக்கு இது பொருள்" என்று எழுத்தில் ஆதாரம் இருக்கக்கூடும். ஆனால் அந்த வரி கருத்துரையில் இருக்கிறது, விவரணையில் இல்லை. ஓர் ஊருக்கு எழுதியதை இன்னோர் ஊரின் கொடி மேல் ஒட்டக்கூடாது. எனக்கு இந்த அர்த்தப் பட்டியல்கள் மேல் பெரிய மரியாதை கிடையாது. முதலில் கண்ணுக்குப் பொருந்தும் நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அர்த்தத்தைப் பிறகு தேடிச் சேர்த்த மாதிரிதான் பல இடத்தில் தெரிகிறது.

## நிறமே இல்லாத இடத்தில்

கொடியில் நிறம் இருக்கிறது. ஊர்க் கிணற்றடிக் கல்லில்? தபால் முத்திரையில்? லிஸ்பன் பாணியில் கறுப்பு வெள்ளைச் சுண்ணாம்புக் கல் பதித்த நடைபாதையில்? அங்கே ஊதாவும் பொன்னும் எப்படித் தெரியும்?

நடைபாதையில் வெறும் கோட்டுருவம் மட்டும்தான் மிஞ்சும், அது போதும் என்று விட்டுவிடுவார்கள். ஊரின் அதிகாரபூர்வ முத்திரையும் அப்படித்தான்: வட்டம், உள்ளே உருக்கள் மட்டும், நிறக் குறி கிடையாது, சுற்றிலும் பெயர்.

கல்லிலும் அச்சிலும் நிறம் சொல்லியே ஆக வேண்டும் என்றால் பழைய தந்திரம் ஒன்று இருக்கிறது. 1638-இல் பெத்ரா சாங்த்தா என்ற ஏசு சபைத் துறவி தன் நூலில் பயன்படுத்திப் பரவலாக்கிய கோட்டு முறை. புள்ளி புள்ளியாக இருந்தால் பொன். வெறுமையாக விட்டால் வெள்ளி. நெடுக்குக் கோடு சிவப்பு, கிடைக் கோடு நீலம், இரண்டும் குறுக்கும் நெடுக்குமாக வந்தால் கறுப்பு. சாய்கோட்டில்தான் கவனம் வேண்டும். நம் கண்ணுக்கு இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கக் கீழ்மூலைக்கு இறங்கினால் பச்சை. வலப்பக்க மேல்மூலையிலிருந்து இடப்பக்கக் கீழ்மூலைக்கு இறங்கினால் ஊதா.

ஒயின் ஊர்களில் இது உண்மையிலேயே உதவும். பழைய செதுக்கு வேலை ஒன்றில் திராட்சை மணிகளின் மேல் கோடுகள் வலமிருந்து இடமாகச் சரிந்தால் குலை ஊதா. பக்கத்து இலையில் அதே கோடு எதிர்ப்பக்கம் சரிந்தால் இலை பச்சை. சும்மா நிழல் காட்டக் கீறியது என்று கடந்துபோய்விடுவோம்.

## பாட்டிலில் இருப்பது எது?

கடைசியாக ஒரு குழப்பம். போர்ச்சுகல் ஒயின் பாட்டில்களின் லேபிளில் கேடயங்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் பலவும் ஊர்ச் சின்னம் இல்லை. தோட்டத்தை வைத்திருந்த குடும்பத்தின் சின்னமாக இருக்கலாம், ஒயின் நிறுவனம் தானே வடிவமைத்ததாக இருக்கலாம். பிரித்தறிய எளிய வழி, கேடயத்தின் தலையைப் பார்ப்பது. தலைக்கவசமோ, பிரபுக்களின் முத்துப் பதித்த கிரீடமோ இருந்தால் குடும்பம். செங்கல் அடுக்கிய மதில் கிரீடமும் கீழே ஊர்ப் பெயர் எழுதிய பட்டையும் இருந்தால் உள்ளாட்சி.

உள்ளாட்சியே கூட எல்லா இடத்திலும் சின்னத்தைப் போடுவதில்லை. குப்பை வண்டியிலும் சுற்றுலாத் துண்டறிக்கையிலும் இப்போது பெரும்பாலும் தனி லோகோதான். வளைந்த கோடு, இரண்டு நிறம், ஏதோ ஓர் இலை. புதிய நிர்வாகம் வந்தால் லோகோவை மாற்றிவிடலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சின்னத்தில் ஒரு திராட்சை இலையைக் கூட்ட வேண்டுமென்றால் மன்றம், குழு, அரசிதழ் என்று முழுச் சுற்று வந்தாக வேண்டும்.